ஜனவரி மாதத்துக் கண்

அம்புஜம் திருவேங்கடம் முதன்முதலாகச் செய்த இயந்திரம் படுதோல்வி அடைந்தது. அது தோற்றுப்போனது என்று தெரிந்த அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அதற்கு முந்தைய ஒரு மாதம் இயந்திரம் ஜெயித்துக்கொண்டே இருந்தபோது, ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. எல்லாருக்கும் நடப்பதற்கு நேர்மாறாக இவளுக்கு ஏன் நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவள் பிறந்தது மொரீஷியஸ் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊரில். அப்பா நீலமேகம் அங்கே மாவட்ட அலுவலகத்தில் குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று மூன்று தடித்த பதிவேடுகளுக்கு அதிபதி. வீட்டில் பேச்சு தீவின் கிரியோல் மொழி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், கோவிலில் மட்டும் தமிழ். முருகன் பாட்டு நாலைந்தை அட்சரம் பிசகாமல் பாடுவாள். அதில் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். இந்தக் கதையில் எல்லாரும் பேசிக்கொள்வது கிரியோலில்தான். நமக்குள் தமிழில் இருக்கட்டும் என்று நான்தான் மாற்றிச் சொல்கிறேன்.

கணக்கில் கெட்டிக்காரி. உதவித்தொகை கிடைத்து, வட பிரான்சில் நெசவாலைகளுக்குப் பேர்போன லில் நகரத்துக்குப் படிக்கப் போனாள். போனவள் ஒன்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டாள். காமிரா எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று கணினியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு வழி தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இன்றைக்கு அது பெரிய துறை. அன்றைக்கு அதில் மாட்டிக்கொண்டவர்களை மற்ற விஞ்ஞானிகளே பரிதாபமாகப் பார்த்தார்கள். 1986இல் டாக்டர் பட்டத்தோடு ஊர் திரும்பியபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டராக்கும் என்று ஃப்ளாக் சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். இவளுக்கு யார் மாப்பிள்ளை பார்ப்பது என்று கவலைப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் மொரீஷியஸில் தடுக்கி விழுந்தால் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலை வாசலில்தான் விழவேண்டும். கரும்புக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களில் பெண்கள் காலை ஆறு மணிக்கே பஸ் பிடித்து ஸ்வெட்டர் பின்னப் போனார்கள். கடற்கரையில் ஓட்டல் மேல் ஓட்டலாக முளைத்தது. தீவே அவசரத்தில் இருந்தது. அப்படி ஒரு தொழிற்சாலை பீனிக்ஸ் என்ற ஊரில் இருந்தது. அதன் இயக்குநர் பெர்னார், பழைய பிரெஞ்சுக் குடும்பத்து ஆள், புதிது புதிதாக எதையாவது வாங்கிப் பார்ப்பதில் குழந்தை மாதிரி. அவர்தான் அம்புஜத்தைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

“மனுஷக் கண்ணு மத்தியானம் மூணு மணிக்கு மேல களைச்சுப் போகுது, மாம்செல்” என்றார், பிரெஞ்சுக்காரர்கள் இளம்பெண்ணை அழைக்கும் மரியாதையோடு. “களைக்காத ஒரு கண்ணு எனக்கு வேணும்.”

அவர் சொன்ன மனுஷக் கண் கனகத்துடையது. கனகம் பரிசோதனைப் பிரிவின் தலைவி. நாற்பத்தெட்டு வயது, தொழிற்சாலை திறந்த வருஷத்திலிருந்து இருப்பவள். கீழே விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேஜை முன்னால் உட்கார்ந்து, பின்னி வந்த துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் தள்ளுவாள். முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒரு நாளைக்கு நானூறு துண்டு. பெரிய ஓட்டையை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். கனகம் தேடுவது தளர்ந்த கண்ணி. பின்னலில் ஒரே ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், கொஞ்சம் தொளதொளத்துப் போயிருக்கும். மேஜையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, முதல் சலவையில் அவிழ்ந்து ஓட்டையாகிவிடும். அது கனகத்துக்குத் தெரியும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது.

அம்புஜம் அவளிடம் அதைக் கேட்கவும் இல்லை. அவள் படித்த வித்தையில் அந்தக் கேள்விக்கே வேலை கிடையாது. கனகம் பார்த்துப் பிரித்துக் கொடுத்த நல்ல துண்டு ஒரு குவியல், பழுதான துண்டு ஒரு குவியல். ஒவ்வொன்றாகக் காமிராவுக்கு அடியில் வைத்து, இது நல்லது, இது பழுது என்று இயந்திரத்துக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அதுவாகவே பழகிக்கொள்ளும். குழந்தைக்கு நாயையும் பூனையையும் காட்டுவதுபோலத்தான். நாய்க்கு என்ன இலக்கணம் என்று எந்தத் தாயும் பாடம் நடத்துவதில்லை.

வருஷப் பிறப்பு முடிந்து வேலை மந்தமாக இருக்கும், அப்போது ஆரம்பிக்கலாம் என்று 1988 ஜனவரிக் கடைசியில் தொடங்கினார்கள். பாலாடை நிறக் கம்பளி, அறுநூறு துண்டு. தொடங்கும் முன் அம்புஜம் ஒரு முன்னெச்சரிக்கை செய்தாள். அதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமையும் உண்டு. பழுது கண்ட இடத்தில் கனகம் வழக்கமாகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். அந்தக் கோடு இருந்தால் இயந்திரம் கண்ணியைப் பார்க்காது, கோட்டைப் பார்த்தே பாஸாகிவிடும்.

“சாக்பீஸ் வேண்டாம், அக்கா” என்றாள் அம்புஜம். “நூல் முடியவும் வேண்டாம். துண்டு மேல எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. நம்பரையும் இடத்தையும் நோட்டில எழுதிடுங்க.”

“இடம் தவறிப் போயிடுமே, மாம்செல்.”

“எழுதி முடிக்கற வரைக்கும் விரலை அங்கேயே வச்சுக்குங்க. போதும்.”

கனகம் அப்படியே செய்தாள். பக்கத்து மேஜையில் துண்டு பரிசோதிக்கும் ஜினெட்டும் அப்படியே செய்தாள். பழுதான துண்டு மெல்லத்தான் சேர்ந்ததால், அறுநூறும் முடியப் பத்து நாள் ஆயிற்று. அதில் ஐந்நூறை இயந்திரத்துக்குக் காட்டிப் பழக்கிவிட்டு, தனியே எடுத்து வைத்திருந்த நூறு துண்டைக் காட்டிச் சோதித்தபோது தொண்ணூற்றேழு சரியாகச் சொன்னது. லில்லில் அவளுடைய பேராசிரியர்கள் எழுபத்தைந்துக்கே கைகுலுக்கிக்கொள்வார்கள். பெர்னார் பக்கத்து பியர் ஆலையிலிருந்து இரண்டு பெட்டி வரவழைத்து மதியச் சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் கொடுத்தார். அம்புஜம் ஃப்ளாக்குக்கு டெலிபோன் செய்து அப்பாவிடம் சொன்னாள். நீலமேகம் ஒரு நிமிஷம் யோசித்து, மிச்சம் மூன்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

மார்ச் மாதம் இயந்திரத்தைக் கனகத்தின் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கனகம் பார்த்துத் தள்ளும் துண்டு காமிராவுக்கு அடியில் போகும். நல்லது என்றால் பச்சை விளக்கு, பழுது என்றால் சிவப்பு. முதல் நாளே தகராறு. கனகம் பழுது என்று ஒதுக்கிய துண்டுகளில் பாதிக்கு மேல் பச்சை எரிந்தது. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

பெர்னார் இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு அம்புஜத்தையும் கனகத்தையும் அறைக்குக் கூப்பிட்டுத் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். முட்டாள்தனமான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாதபடி அதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை.

“இந்த மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நீதான், கனகம். ஜனவரியில உன் கண்ணு எப்படிப் பார்த்துதோ அப்படியே அது இப்பவும் பார்க்குது. அதுக்கு வயசாகாது. இப்ப உனக்கும் அதுக்கும் ஒத்துப் போகலைன்னா மாறினது யாரு? மிஷின் மாறலை.” அவர் குரலில் கோபம் இல்லை. “நல்ல துண்டையெல்லாம் பழுதுன்னு தள்ளறே. கண் டாக்டரைப் போய்ப் பாரு.”

கனகத்தின் முகம் வெளிறிப்போயிற்று. அவளுக்குச் சர்க்கரை வியாதி. அந்தத் தீவில் பாதிப் பேருக்கு அது உண்டு. அவளுடைய அம்மாவுக்கும் இருந்தது. ஐம்பதாவது வயதில் அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கி, இரண்டே வருஷத்தில் அடியோடு போய்விட்டது. இதை அம்புஜம் ஜினெட் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கனகம் யாரிடமும் சொல்லிக்கொள்கிற ரகம் இல்லை.

இங்கே அம்புஜத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளும் பெர்னார் சொன்னதை நம்பினாள். தொண்ணூற்றேழு என்ற எண் அவள் கண்ணை மறைத்துவிட்டது. கனகத்தைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “மிஷின் மறக்காது, அக்கா. அது உங்க கண்ணுதானே, பத்திரமா இருக்கட்டும்” என்று வேறு சொல்லி வைத்தாள். எவ்வளவு படித்தவர்களுக்கும் இப்படி ஒரு அசட்டு வார்த்தை வாயில் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. தினமும் தன் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கனகம் தெரிவாள். முதலில் துண்டை மேஜையிலேயே வைத்துப் பார்த்தவள், பிறகு கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஒரு துண்டைப் பழுது என்று ஒதுக்கி, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, மறுபடி எடுத்து நல்ல குவியலில் போட்டாள். ஏப்ரல் பிறந்தபோது கனகம் தன் தீர்ப்பையே விட்டுவிட்டாள். விளக்கைப் பார்த்துக்கொண்டே பிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவளே அம்புஜத்தின் அறைக்கு வந்தாள். கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மிஸ்யே பெர்னார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், மாம்செல். என்னைப் பெட்டி கட்டற பக்கம் மாத்திடச் சொல்லுங்க. அங்க கை இருந்தா போதும்.”

“டாக்டர்கிட்ட போனீங்களா, அக்கா?”

“போகலை.”

“ஏன்?”

“போனா சொல்லிடுவாரே” என்றாள் கனகம்.

அவள் போன பிறகு அம்புஜம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்த தன் கண்ணை நம்பாமல் போய்விட்டாள். போகவைத்தது தன்னுடைய இயந்திரம். அது சரியாகத்தான் சொல்கிறதா என்று தான் ஒருமுறையாவது கேட்டோமா என்று அப்போதுதான் நினைத்தாள். தொண்ணூற்றேழு மார்க் வாங்கின பிள்ளையின் விடைத்தாளை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? அவளும் பார்க்கவில்லை.

இரும்பு அலமாரியில் மூட்டை கட்டி வைத்திருந்த ஜனவரித் துண்டுகளை எடுத்தாள். பழுதான ஒன்றைக் காமிராவுக்கு அடியில் வைத்தாள். சிவப்பு. நோட்டில் கனகம் எழுதியிருந்தபடி தளர்ந்த கண்ணி இருந்த இடத்தை ஒரு சிறு கம்பளிச் சதுரத்தால் மூடினாள். பழுதை மூடியாயிற்று, இனி பச்சை எரிய வேண்டும். சிவப்பாகவே இருந்தது. சதுரத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். மேலே, பக்கவாட்டில், கீழே. கண்ணியிலிருந்து ஒரு சாண் கீழே வந்தபோது பச்சை எரிந்தது.

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பின்னல் சீராக இருந்தது. அடுத்த துண்டை வைத்தாள். அதிலும் ஒரு சாண் கீழே. இன்னொன்று, இன்னொன்று என்று பத்துத் துண்டு பார்த்தாள். இயந்திரம் பழுதை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. பழுதுக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அது என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெறும் கம்பளி.

வேறு வழி தெரியாமல் கனகத்தைக் கூப்பிட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் துண்டைக் கையில் கொடுத்தாள்.

“இந்த இடத்தில ஏதாவது தெரியுதா, அக்கா? சும்மா பார்த்துச் சொல்லுங்க.”

“என்னைப் போய்க் கேட்கறீங்களே” என்று சொல்லிக்கொண்டே கனகம் வாங்கினாள். தூக்கிப் பார்க்கவில்லை, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. மேஜையில் வைத்துப் பழைய வழக்கப்படி ஒரு தடவை கையால் நீவினாள். “மஞ்சள் பட்டிருக்கு” என்றாள்.

“எங்கே?”

“இதோ. இந்த அகலத்துக்கு. லேசா இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?”

அம்புஜத்துக்குத் தெரியவில்லை. கனகம் அடுத்த துண்டை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றிலும் தொட்டுக் காட்டினாள். நாலாவது துண்டில் அவள் கை நின்றுவிட்டது. இடது கைக் கட்டைவிரலைத் தளர்ந்த கண்ணி மேல் வைத்தாள். மணிக்கட்டு தானாகத் துண்டின் மேல் படிந்தது, சரியாக ஒரு சாண் கீழே.

“அயோ, மாம்செல்” என்றாள் மெதுவாக. “இது காவடி மாசத்துத் துண்டு. காப்புக் கட்டியிருந்தேன்.”

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறியதும் விரதம் இருப்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பெண்களுக்கு இடது கை. பத்து நாளும் அதை அவிழ்க்கக் கூடாது. கனகம் தினமும் விடியற்காலை குளித்துவிட்டுக் கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் பூசிக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். ஜினெட் மாதா கோவிலுக்குப் போகிறவள். ஆனாலும் மகனுக்கு உடம்பு சரியானதற்கு முருகனுக்கு நேர்ந்துகொண்டு அவளும் கட்டியிருந்தாள். மொரீஷியஸில் அதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. நல்ல துண்டு மேஜையில் ஒரு மூச்சில் நகர்ந்து போய்விடும். பழுதான துண்டில் மட்டும், வலது கை நோட்டில் நம்பரும் இடமும் எழுதி முடிக்கிற வரைக்கும், இடது கை அழுந்தி உட்கார்ந்திருக்கும். அப்படி விரலை வைத்துக்கொண்டிருக்கச் சொன்னது சாட்சாத் அம்புஜம்தான். மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத அந்த மஞ்சள், காமிராவுக்கு முன்னால் அவள் பொருத்தியிருந்த நீலக் கண்ணாடியில் சாம்பல் நிறமாகத் தெரிந்திருக்கிறது. இயந்திரம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காவடி முடிந்து காப்பை அவிழ்த்த பிறகு வந்த துண்டுகளில் மஞ்சள் ஏது? அதனால்தான் அத்தனை பச்சை.

அம்புஜத்துக்கு இது விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் அவமானம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. எதிரே நிற்கிற பெண், பூதக்கண்ணாடிக்கும் எட்டாத மஞ்சளை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு நிற்கிறாள்.

“அக்கா” என்றாள். “உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லை.”

கனகம் அவளையே பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

“அப்ப நான் போன மாசம் பழுதுன்னு தள்ளினதெல்லாம்?”

“தோய்ச்சுப் பார்த்துடலாமா?”

இரண்டு பேரும் கை கழுவும் தொட்டியில் வெந்நீர் பிடித்து, மார்ச்சில் கனகம் ஒதுக்கி இயந்திரம் பச்சை காட்டிய துண்டுகளில் இருபதை எடுத்து அலசினார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய அம்புஜம் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றாள். பிழிந்து விரித்தபோது பத்தொன்பதில் கண்ணி அவிழ்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கனகம் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் ஓட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள். இருபதாவதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என் தப்பு” என்றாள். அதையும் நிறைந்த முகத்தோடுதான் சொன்னாள்.

பெர்னாரிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று அம்புஜத்துக்குத் தோன்றவே இல்லை என்றால் அது பொய். புதுத் துண்டு அறுநூறு வாங்கி, காப்பில்லாத கையால் பிரிக்கச் சொல்லி, மறுபடி பழக்கிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அரைமணி நேரம் இந்த யோசனையோடு நாற்காலியில் இருந்தாள். ஆனால் அதுவரை கனகத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று நினைத்ததும், ஈரத் துண்டுகளை வாரிக்கொண்டு நேரே பெர்னார் அறைக்குப் போனாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பத்தொன்பது ஓட்டையையும் எண்ணினார். “முருகக் கடவுள் என் மிஷினை ஏமாத்திட்டாரா?” என்றார்.

“ஏமாந்தது நான்தான், மிஸ்யே. அது என்னோட தப்பு. கனகம் முதல் நாள்லேர்ந்து சரியாத்தான் பிரிச்சாங்க.”

பெர்னாருக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது. இதுவரை பச்சை விளக்கு விட்ட சரக்கெல்லாம் எங்கே என்று டெலிபோனை எடுத்துக் கேட்டார். கப்பல் பெட்டி இன்னும் தொழிற்சாலை வாசலில்தான் நின்றது. திங்கட்கிழமைதான் துறைமுகம் போகிறது. அவர் டெலிபோனை வைத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நீளமாக மூச்சு விட்டார். அன்று அந்தக் கட்டடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்ட மூன்றாவது ஆள் அவர். மறுநாளே கனகமும் ஜினெட்டும் மற்றவர்களும் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க உட்கார்ந்தார்கள். இயந்திரத்தின் மேல் யாரோ ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்தினார்கள். வருஷக் கடைசியில் அம்புஜத்தின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கலாமா என்று அவர் கேட்கவும் இல்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அதோடு அவள் வாழ்க்கை முடங்கிப் போய்விடவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கற்றுக்கொண்ட இயந்திரம் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவு சொல்கிறது என்று கண்டுபிடிப்பதையே தன் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டாள். கம்பளிச் சதுரத்தை நகர்த்தினாளே, அதே வேலைதான். கொஞ்சம் கணிதம் சேர்ந்துகொண்டது. அதைப் பற்றி எழுதிய கட்டுரைகளை வெளிநாட்டில் நாலு பேர் படித்தார்கள், பிறகு நாற்பது பேர் படித்தார்கள். லில்லிலிருந்து வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அவளிடம் ஐந்தாறு பேர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். நல்ல மார்க் என்று யாராவது துள்ளிக்கொண்டு வந்தால், அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து அவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் காப்புக் கயிற்றுக் கதையைச் சொல்வாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். பெர்னார் முருகனைப் பற்றிக் கேட்ட கேள்வியில் தமிழ்ப் பிள்ளைகள் மேஜையைத் தட்டுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மாலை நடந்ததை மட்டும் அவள் வகுப்பில் சொல்வதில்லை.

அன்று சங்கு ஊதியதும் அவளும் கனகமும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். தூறிக்கொண்டிருந்தது. கனகத்தின் வீடு பக்கத்து ஊரான காத்ர் போர்னில். பஸ் கொஞ்ச தூரம் போன பிறகு கனகம் தானாகப் பேச்சை எடுத்தாள்.

“உங்ககிட்டே ஒண்ணு சொல்லட்டுமா, மாம்செல்? சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க, அக்கா.”

“மூணு வாரமா, வேலை விட்டு வீட்டுக்குப் போனதும், நான் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகறேன்.”

அம்புஜத்துக்குப் புரியவில்லை.

“அடுப்பிலேர்ந்து கொல்லைக் குழாய்க்குப் பதினோரு அடி. குழாய்லேர்ந்து துணிக்கொடிக்கு ஆறு. அரிசி டப்பா இடது பக்கம் ரெண்டாவது, பருப்பு மூணாவது. அம்மாவுக்குத் திடீர்னு போயிட்டதால அவங்க எல்லாத்திலேயும் முட்டிக்கிட்டாங்க. நான் முன்னாடியே பழகிட்டா வீட்டில யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டேன் இல்லையா?” கனகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நல்லாவே வந்துடுச்சு. நேத்து குழம்பு வச்சேன், கண்ணைத் திறக்காமலே.”

அம்புஜம் கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் நிறுத்தம் வந்தது, போனது. இறங்கவில்லை. காத்ர் போர்ன் சந்தைக்குப் பக்கத்தில் கனகத்தோடு சேர்ந்து இறங்கி, அவள் வீட்டுக்கே போனாள். அங்கேதான், தக்காளிச் சட்னியும் பருப்பும் சோறுமாக, ஒரு மாதத்துப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் கனகம் பீங்கான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாய்க்குக் கிளம்பினாள். மழை விட்டு வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. கண்ணை அகலத் திறந்துகொண்டு, எதையும் எண்ணாமல், திரும்பி அம்புஜத்தோடு பேசிக்கொண்டே நடந்தாள். நிலைப்படியில் கால் இடறி, இரண்டு தட்டும் கையை விட்டுப் போய் உடைந்தன.

“மூணு வாரத்தில ஒரு நாள்கூட இடறினதில்லை” என்றாள் கனகம். படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணில் நீர் வழிந்தது. அம்புஜமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உடைந்த துண்டுகளை இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள். ஈர மண்ணில் கிடந்த ஊசி முனை அளவுச் சில்லுகளைக்கூடக் கனகம்தான் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.